பேஜாருன்னா இன்னா?

ராயபுரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் அவசர சிகிச்சைத் துறை உதவிப் பேராசிரியை ரமாபாய். புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்களுக்கு முதல் வாரப் பயிற்சி தயாரிக்கும் வேலை அவளிடம் வந்தது. மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, விஷம் குடித்தவரைக் கவனிப்பது என்று ஸ்லைடுகள் செய்தாள். ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலோரம் போவாள், திரும்பி வந்து ஒரு ஸ்லைடை அழிப்பாள், மறுபடி அதையே போடுவாள்.

அவளை அரித்துக்கொண்டிருந்தது ஜெயவேலின் நினைப்பு. லாரிகளில் சரக்கு ஏற்றுபவர். போன வருஷம் வந்து, "மாரு பேஜாரா கீது, கை இஸ்துகினு கீது" என்றார். புதிதாகச் சேர்ந்திருந்த மாணவர், நெஞ்சையும் கை இழுப்பதையும் விட்டுவிட்டு, 'மனப்பதற்றம்' என்று எழுதி, பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். தற்செயலாக அந்தப் பக்கம் போன ரமாபாய்தான் அவருடைய வியர்வையைப் பார்த்து ஈசிஜி எடுக்கச் சொன்னாள். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் இனி பளு தூக்க முடியாது.

இதை எந்த ஸ்லைடில் போடுவது? ஜெயவேல் பேசிய அந்த மெட்ராஸ் பாஷைதான் அவள் வீட்டுப் பேச்சும். கல்லூரியில் கேலி செய்தார்கள் என்று, வெளியே அதைப் பேசுவதையே விட்டிருந்தாள்.

பயிற்சியின் முதல் நாள், பாதியில் ஸ்லைடை நிறுத்திவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தாள்.

"நான்தான் பேஷண்ட். யாராவது வந்து விசாரிங்க."

நாகர்கோவில்காரன் ஜெஸ்வின் வந்தான். "என்ன செய்யுது?"

"காலைலேர்ந்து மாரு பேஜாரா கீது நைனா. கை வேற இஸ்துகினே கீது."

பின்னால் மகிமா என்ற மாணவி களுக்கென்று சிரித்தாள். ரமாபாய்க்குக் காது சுட்டது. எழுந்துவிடலாமா என்றிருந்தது. எழவில்லை.

"பேஜாருன்னா... மனசு சரியில்லையா?" என்றான் ஜெஸ்வின்.

"போன வருஷமும் அப்படித்தான் எழுதுனாங்க." எழுந்து உட்கார்ந்து ஜெயவேலுக்கு நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ வலின்னு அர்த்தமா மேடம்?" மகிமாவின் குரல் இறங்கியிருந்தது.

"வலியாவும் இருக்கலாம், வேற தொல்லையாவும் இருக்கலாம். எங்கன்னு கேளு, எப்போலேர்ந்துன்னு கேளு. அப்புறம் எழுது."

"உங்களுக்கு எப்படி மேடம் இந்தப் பேச்சு..."

"எங்க வூடு இங்கதான், எம்.கே.பி. நகர்ல கீது." சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கினாள்.

இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும் என்று துறைத்தலைவரிடம் கேட்டாள். "பாடத்துல எடம் ஏதும்மா? அரை மணி நேரம் வச்சுக்குங்க" என்றார்.

அடுத்த வாரம் மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஜெஸ்வின் ஒரு அம்மாளிடம், "எங்கேன்னு கைய வச்சுக் காட்டுங்க" என்று கேட்பது காதில் விழுந்தது. ரமாபாய் அங்கே நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இன்னொரு மாணவன் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தான். அவனை நோக்கி வேகமாக நடந்தாள்.