திரைக்குப் பின்னால் இட்ட கையொப்பம்

அந்தத் தேர்தலில் எங்கள் வேட்பாளர் தோற்றது ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய அளவு வாக்குகளால். நான் அப்போது கல்முனையில் வழக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் பிரக்கிராசி ஒருவரின் கந்தோரில் லிகிதர். முடிவை எதிர்த்து மட்டக்களப்பில் தேர்தல் மனுப் போட்டோம். தபால் வாக்கு விண்ணப்பங்களில் பிழை பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொன்றையும் மூன்று முறை வாசித்தேன்.

அவற்றில் ஒன்று மருதமுனை நெசவு நிலையத்து ஆசிரியையுடையது. வெளியூர் வாக்குச் சாவடியில் முக்காடிட்ட பெண்களை அடையாளம் பார்க்கும் கடமை அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால் தபால் வாக்குக் கேட்டிருந்தாள். ‘என் முன்னிலையில் ஒப்பமிட்டார்’ என்று கீழே எழுதியிருந்தவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். நடந்ததை விசாரிக்கத் தேவையே இல்லை. அவர் அவள் வீட்டு மண்டபத்தில் இருந்திருப்பார். அவளுடைய கணவன் தாளைத் திரைச்சீலைக்கு உள்ளே கொண்டுபோயிருப்பான். “வெச்சிட்டன் சேர்” என்று உள்ளிருந்து குரல் வந்திருக்கும். என் மனைவியும் அப்படித்தான் ஒப்பமிட்டிருப்பாள்.

பிரக்கிராசி மெதடிஸ்த கிறிஸ்தவர். எங்கள் பெண்கள் அந்நிய ஆண் முன் வராத இந்த வழக்கத்தை அவருக்கு விளக்கியது நான்தான்.

விசாரணைக்கு முன்பே அந்தக் கணவன் காய்ச்சலில் இறந்துபோனான். தலைமையாசிரியர் ஒரு காலையில் கந்தோருக்கு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பக்கத்தில் நின்று தொழுகிறவர்.

“தம்பி, பொய் அத்தாட்சி எண்டு தீர்ப்பு வந்தா என்ட உத்தியோகம் போயிரும். புள்ள வந்து ஒரு வார்த்த சென்னாத்தான் எனக்கு விடிவு. அது இத்தாவில இரிக்கி. வழக்கத் தள்ளிவைக்க ரெண்டு கிழம தவணை கேக்கிறம், நீங்க மறுக்காம இரிந்தாப் போதும்.”

“ஐயாட்டச் செல்றன் சேர்” என்றேன்.

சொன்னேன். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே வரமாட்டாள் என்று சொன்னேன். பிறைக் கணக்கில் அவளுடைய இத்தா, விசாரணைக்கு ஒன்பது நாளுக்குப் பிறகுதான் முடியும் என்றும் சொன்னேன்.

பிரக்கிராசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப தவணைக்கு ஒத்துக்கொள்ளப்படாது, என்ன?”

“ஓம் ஐயா. வீட்டில வெச்சு வாக்குமூலம் எடுக்கக் கேப்பாங்க. அதையும் மறுக்கவேணும்.”

இரண்டையும் மறுத்தோம். மறுப்பை நானே தட்டச்சு செய்தேன். நீதிபதி எங்கள் பக்கம் சாய்ந்தார்.

சாட்சிக் கூட்டில் ஏறிய தலைமையாசிரியரை, பிரக்கிராசி அமர்த்திய எங்கள் வழக்கறிஞர் மெதுவாகத்தான் பிடித்தார்.

“பேனையைக் கண்டீங்களா?”

“இல்ல.”

“கையைக் கண்டீங்களா?”

“அது எங்கட வழக்கமில்ல.”

“அப்ப என்னத்தைத்தான் கண்டீங்க?”

“சீலையக் கண்டன்.”

நீதிமன்றம் சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் இன்னொரு முறை சிரித்தது. நானும் இரண்டு முறை சிரித்தேன்.

மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடிகளுக்கெல்லாம் உள்ளே சீலை கட்டியிருந்தது. வெள்ளை உடுத்த ஒரு பெண் கூடப்பிறந்த காக்காவின் பின்னால் தலை குனிந்து நடந்து வந்தாள். பிரக்கிராசி திரும்பி என்னைப் பார்த்தார். நான் வழக்குக் கோவையைப் புரட்டினேன்.

“நான்தான் வெச்சன்” என்றாள். “சேர் வெளிய இரிந்தாரு. வெச்சிட்டன் எண்டு சத்தமாச் சென்னன்.”

“நீங்க வைக்கக்குள்ள ஆர் கண்டது?” என்று கேட்டார் வழக்கறிஞர்.

“என்ட மாப்பிள்ள.”

“அவரைக் கூப்பிடலாமே?”

வழக்கறிஞர் காத்திருந்தார். வேண்டுமென்றே காத்திருந்தார்.

“மவுத்தாகிட்டாரு.”

“வேற ஆரும்?”

“அல்லாஹ் கண்டான்.”

“அந்தச் சாட்சி பட்டியலில இல்ல, அம்மா.”

அவள் சொன்னதை நம்புவதாக நீதிபதி தீர்ப்பில் எழுதினார். ஒப்பம் அவளுடையதே. ஆனாலும் அத்தாட்சி கொடுத்தவர் கண்ணால் காணவில்லை, எனவே விண்ணப்பம் செல்லாது. நாங்கள் காட்டிய மற்றப் பிழைகளில் பாதிகூட நிற்கவில்லை. முடிவை மாற்றுவதற்கு நின்றவை போதாமல் மனு தள்ளுபடியானது. எங்கள் வேட்பாளர் அடுத்த தேர்தலுக்குச் சுவரொட்டி அடிப்பதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

தலைமையாசிரியர் மாதம் முடியுமுன் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அந்நிய ஆணுக்காக இத்தாவை முறித்தவள் என்று அவளை ஊர் சொல்லியது. மார்க்கத்தில் அப்படி இல்லை என்று தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. இத்தாவை முதலிலிருந்து இருக்கச் சொன்னார்கள். இருந்தாள். அதற்கு லீவு கிடைக்கவில்லை. நெசவு நிலையத்துக்கு வேறொருத்தியைப் போட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து செருப்புத் தேடும்போது தலைமையாசிரியர் பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, அந்தப் புள்ள வராது எண்டுதானே இத்தா நாள எண்ணின நீங்க?”

“ஓம் சேர்” என்றேன்.