மருதாணி வைக்காத கை

தங்கையின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் மருதாணி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்காள் இருக்க, தங்கைக்கு முந்திக்கொண்டு ஆகிறது, அந்த வயிற்றெரிச்சல்.

"அவ மூஞ்சியே செரியில்லீங்க," என்று பெரியம்மா கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "ஏஞ்சாமி, ஒத்த விரலுக்காச்சும் வெச்சுக்க கண்ணு. நாலு பேரு நாலு விதமா பேசறாங்கல்ல," என்று கெஞ்சினாள். நான் என்ன சொல்வது? விரல் சிவந்தால் எனக்கு உடனே தெரிய வேண்டும், மருதாணிச் சிவப்பில் அது மறைந்துபோகும் என்றா சொல்ல முடியும்?

நடந்தது இதுதான். நான் அப்போது சேலத்தில் ஆராய்ச்சி மாணவி. காந்தப் படிகங்கள் என் வேலை. ஆணியை இழுக்கிற காந்தம் இல்லை இது. என் படிகத்துக்குள் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம்; ஒன்று மேலே பார்த்தால் அடுத்தது கீழே பார்க்கும். ஒன்றையொன்று கழித்துக்கொண்டு வெளியே பூஜ்யமாக இருக்கும். சாதாரண எக்ஸ்ரே அந்த வரிசையைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. எக்ஸ்ரேயின் ஆற்றலை அந்த அணு விழுங்குகிற அளவுக்குச் சரியாகத் திருகி வைத்தால் மட்டும், எதுவுமே தெரியக்கூடாத ஒரு கோணத்தில், வரைபடத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பும். காந்த வரிசைக்கு அதுதான் சாட்சி. ஒத்ததிர்வு எக்ஸ்ரே சிதறல் என்று இதற்குப் பெயர். அதற்கான பெரிய இயந்திரம் வெளிநாட்டில் இருந்தது. இரண்டு முறை விண்ணப்பம் தள்ளுபடியாகி, மூன்றாவது முறை அதில் வேலை செய்ய எனக்கு நாலே நாள் கொடுத்திருந்தார்கள்.

அங்கே அனுப்புமுன், உளுத்தம்பருப்பில் பாதி இருக்கிற அந்தப் படிகத்தின் எந்த முகம் எந்தத் திசை என்று இங்கேயே பார்த்துக் குறித்தாக வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு ஒரு பழைய எக்ஸ்ரே இயந்திரம் உண்டு. அதன் கண்ணாடிக் கதவைத் திறந்தால் கதிர் தானாக மூடிக்கொள்ளும். கதவோரம் ஒரு சின்னப் பொத்தான் அந்த வேலையைச் செய்யும். என் படிகமோ, கதவைச் சாத்துகிற ஒவ்வொரு தடவையும் அதிர்ந்து, அதை ஒட்டி நிறுத்தியிருந்த மெழுகிலிருந்து நழுவியது. ஆறு தடவை பொறுத்தேன். ஏழாவது தடவை, சனியனே என்று கறுப்பு டேப்பைக் கிழித்துப் பொத்தானை அமுக்கி ஒட்டிவிட்டேன். இனி கதவு திறந்திருந்தாலும் இயந்திரத்துக்கு அது சாத்திய கதவுதான். கதிரை நானே சுவிட்சைத் தட்டி மூடித் திறந்துகொள்வேன் என்று நினைப்பு. பெரிய புத்திசாலி! "கதவருகே கவனம்" என்று அந்தக் கதவில் தாள் எழுதி ஒட்டியவளும் நான்தான்.

படிகம் மறுபடி சாய்ந்தது. வலது கை விரல்களால் அதை நிமிர்த்திப் பிடித்து, மெழுகு இறுகும்வரை அப்படியே நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் இயந்திரத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிகிறது. கதிரை மூட மறந்திருந்தேன்.

சூடு இல்லை, வலி இல்லை, ஒன்றுமே இல்லை. அதுதான் குலை நடுங்க வைத்தது. இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். எதைக் கழுவினேனோ! யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் இயந்திரத்துக்குச் சீல் வைப்பார்கள், படிகம் போய்ச் சேராது, என் நாலு நாளும் வேறு யாருக்கோ போய்விடும். பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

எக்ஸ்ரே கதிர் பட்டால் கை என்னாகும் என்று பஸ்ஸில் செல்போனில் படித்தேன். முதலில் லேசாகச் சிவக்கலாம், பிறகு மறையலாம், இரண்டு வாரம் கழித்துக் கொப்புளமாக வரலாம். சிலருக்கு விரலையே எடுக்க நேர்ந்தது என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை. சங்ககிரி தாண்டும்வரை கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

கல்யாண வீட்டிலும் அதே வேலைதான். மணிக்கொரு தடவை குளியலறைக்குள் போய் விளக்கடியில் விரல்களைப் பார்ப்பேன், படம் எடுப்பேன், முந்தைய படத்தோடு ஒப்பிடுவேன். சுடுசோற்றில் கை வைத்து விரல் சிவந்தால் போதும், சாப்பாடு இறங்காது. தங்கை ஒரு நாள் கதவைத் தட்டி உள்ளே வந்தாள். "ஏங்க்கா, மெய்யாலுமே என்ற மேல கோவமா?" கண் நிறைந்திருந்தது. "போடி லூசு," என்று அவளைக் கட்டிக்கொண்டேன். அப்போதும் வலது கையைத் தள்ளியே வைத்திருந்தேன். இது ஒட்டுவாரொட்டி இல்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் பயம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் போன் வந்தது. என்னோடு ஒரே வருஷம் ஆராய்ச்சியில் சேர்ந்த ஆத்தூர்க்காரி. ஒரு வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆய்வகம் வந்து போகிறவள்.

"அடியே, உன் தங்கச்சிக்கு என் மொய் இந்தா வாங்கிக்க. உன் கிறிஸ்டலை நானே செட் பண்ணிட்டேன்! திசை எல்லாம் சுத்தமா இருக்கு. இன்னிக்கே கூரியர்ல போட்டுடலாம்."

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை. அப்புறம்தான் டேப் ஞாபகம் வந்தது. நான் அதை உரிக்கவே இல்லை.

"எப்படிடி நிறுத்தின? அது விழுந்துகிட்டே இருக்குமே," என்றேன்.

"அதையேன் கேக்குற! கதவத் தொறந்து தொறந்து, ரெண்டு கையாலயும் புடிச்சு நிறுத்துனேன். தொறந்தா தானா மூடிக்கிறதால சரியாப் போச்சு. இல்லன்னா கை என்னாவும்?" என்று சிரித்தாள்.

"அது மூடியிருக்காதுடி," என்றேன். டேப், சிவப்பு விளக்கு, என் விரல், எல்லாவற்றையும் மூச்சு வாங்காமல் சொன்னேன். இப்போதே டாக்டரிடம் போ, கைடு சாரிடம் நானே பேசுகிறேன், அந்த இயந்திரத்தை யாரும் தொடக்கூடாது என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது. அதைத் தூக்கச் சொல்லி மாமியாரைக் கூப்பிட்டாள், தான் தூக்கவில்லை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உனக்கு இது என்னிக்கு நடந்துச்சு?" என்று கேட்டாள்.

"திங்கக்கெழம."

"நான் பண்ணது புதன்கெழம," என்றாள். "நடுவுல ஒரு நாள் முழுசா இருந்துச்சேடி."