நாற்பத்தொன்றாம் டோக்கன் உபயம்

ஸ்ரீரங்கத்தில் செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கும் பவுனம்மாளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். டோக்கனைப் பார்த்துச் செருப்பை எடுத்துக் கொடுப்பாள். ஆள் யாரென்று ஒருநாளும் கேட்டதில்லை. தன் பேரை மட்டும் நாலு பேர் கேட்க வேண்டும் என்று தீராத ஆசை.

மருமகள் பானுப்ரியா புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். எங்கோ வெளிநாட்டில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துத் திறந்துவிட்டிருந்தாள். தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் இன்டர்நெட்டில் போக நினைப்பவர்கள் இப்படிப் பல சர்வர்களில் நுழைந்து அதன் வழியாகப் போவார்கள். இவளுடையது கடைசி வாசல்; போய்ச்சேரும் இடத்தில் அந்தக் கடைசி சர்வர்தான் தெரியும்.

“யாருடி அப்படிப் போறா?”

“வீட்டுக்குத் தெரியாம டாக்டர் சமாச்சாரம் படிக்கணும்னு ஒரு பொண்ணு இருப்பா அத்தை. அவ பேரு எனக்கே தெரியாது.”

பவுனம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. இனி வாடகை நான் தருகிறேன் என்றாள். அதோடு நிறுத்தினால் அவள் பவுனம்மாளா?

“ஒரு டியூப்லைட் குடுத்தாலே வெளிச்சம் மறையுற அளவுக்கு உபயம்னு பேரு எழுதுறாங்க. அந்த சர்வருக்கு என் பேரப் போடு. போன் நம்பரும் போடு.”

“பேரே தெரியக்கூடாதுன்னு நடத்துறது அத்தை இது!”

“போறவங்க பேருதானே தெரியக்கூடாது? குடுக்குறவ பேருக்கு என்ன கேடு?”

மூன்று நாள் சோறு வேண்டாமென்று கிடந்து சாதித்தாள். இட்லி தின்றதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு மாதத்தில் போன் வந்தது. “பவுனம்மாளுங்களா? உங்க பேர்ல ஒரு சர்வர் ஓடுதே, நீங்கதான் நடத்துறீங்களா?”

பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது. “ஆமாங்க, நம்ம உபயந்தான்! நல்லா ஓடுதுங்களா?”

“அது வழியா வந்து எவனோ எங்க கடை வெப்சைட்டுல அசிங்கமா எழுதியிருக்கான். யாருன்னு சொல்லுங்க.”

“செருப்பு விடுறவங்க பேரையே கேக்காதவ நான். அவன் பேரு எனக்கெப்படிங்க தெரியும்?”

அந்த ஆள் சர்வர் கம்பெனிக்குப் புகார் எழுதினான். ஒரு நாளைக்குள் விளக்கம் வராவிட்டால் இழுத்து மூடுவோம் என்று கம்பெனி பானுப்ரியாவுக்கு மெயில் அனுப்பியது.

பவுனம்மாள் மருமகளிடம் ஓடி வந்தாள். “அந்தப் பொண்ணு பாதி வழியில நின்னுடுவாளேடி! என் பேரத் தூக்கிடு.”

யார் போகிறார்கள் என்று குறிப்பு வைப்பதில்லை, இனி இந்த சர்வர் கடைசி வாசலாக இருக்காது, நடுவழியில் மட்டும் நிற்கும் என்று பானுப்ரியா பதில் எழுதினாள். கம்பெனி ஒப்புக்கொண்டது.

“வேற என்ன பேரு வைக்கிறது அத்தை?”

நாற்பத்தொன்றாம் டோக்கன் செருப்பை யாரோ விட்டுப் போய் ஆறு வருஷமாகிறது. பவுனம்மாள் இன்னும் தூசி தட்டி வைத்திருக்கிறாள்.

“நாப்பத்தொண்ணுன்னு வை. அதுவும் யாருதுன்னு தெரியாது.”

சர்வர் அந்தப் பேரிலேயே ஓடுகிறது. பவுனம்மாளும் அடக்கமாகத்தான் இருக்கிறாள். செருப்பு விட வருகிறவர்களிடம் மட்டும், நாற்பத்தொன்று தன் உபயம்தான் என்று சொல்லிவிடுகிறாள். வெளியே சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறாள்.