கார் சொட்டிய இடங்கள்

எண்பதுகளில் என் கணவர் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எஸ்டேட் பங்களாவின் ஷெட்டில் ஒரு கறுப்பு இங்கிலீஷ் கார் கிடந்தது. எங்கள் இருவரையும்விட அதற்கு வயது அதிகம். கோழிகள் அடைந்துகொண்டிருந்த அந்த வண்டியை, இடம் காலியானால் போதும் என்று முதலாளி இவரிடம் தள்ளிவிட்டார்.

அதன் என்ஜினைக் கழற்றிப் புதுப்பிக்க இவருக்குக் கூட்டு சேர்ந்தவர், கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாய். இருவருமே மெக்கானிக் இல்லை. ஆனால் இருவருக்குமே அந்த விஷயத்தில் சந்தேகம் இருந்ததில்லை. சேலத்திலிருந்து சாமான் ஒவ்வொன்றாக வந்து சேர்வதற்குள், கழற்றிய என்ஜின் எட்டு மாதம் ஷெட்டில் பலகைமேல் உட்கார்ந்திருந்தது.

ஒருவழியாகக் கார் ஓடியது. மறுநாள் காலை எங்கள் வாசல் சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

"புது என்ஜின் அப்படித்தான் புள்ள, சித்தே பழகோணும்" என்றார் இவர்.

ஒரு வாரம் பழகியது. எண்ணெய் நிற்கவில்லை. என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியைக் கழற்றி, அதன் விளிம்பில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினார்கள். அப்புறம் முன்பக்க மூடிக்கு ஒரு கேஸ்கெட். அப்புறம் மேல் மூடிக்கு. கார் நிற்கும் இடத்தில் என்னுடைய பெரிய அலுமினியத் தாம்பாளம் நிரந்தரமாகக் குடியேறியது.

அந்த மாதம்தான் டாக்டர் இவருக்கு ரத்தத்தில் சர்க்கரை என்று சொன்னார். இனிப்பு கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது. இவர் மிகவும் பணிவாகத் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் கேழ்வரகுக் களியைக்கூட முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு ஏரிக்கரை வழியாக நடந்து வந்தேன். பஜ்ஜிக் கடைக்கு எதிரே சாலையில் ஒரு கறுப்பு வட்டம். குனிந்து பார்த்தேன். எங்கள் வாசல் தாம்பாளத்தில் தினமும் நான் தேய்க்கிற அதே எண்ணெய். அளவைப் பார்த்தால் அரை மணி நேரம் நின்ற மாதிரி இருந்தது. எத்தனை நாள் தாம்பாளத்தைப் பார்த்திருக்கிறேன், எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு சொட்டும் என்பது எனக்கு அத்துப்படி.

அன்று மாலை கேட்டேன். "ஏனுங்க, எங்க போயிட்டு வர்றீங்க?"

"மாரமங்கலத்துல மொளகு பாக்கப் போயிருந்தேன். நேரா ஊட்டுக்குத்தான் வர்றேன்."

"ஏரிக்கரையில அரை மணி நேரம் நின்னுட்டா வந்தீங்க?"

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "நண்டாட்டம் எல்லா பக்கமும் கண்ணு வெச்சிருக்கியா?" என்று முணுமுணுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு நடைப்பயிற்சியில் ஆர்வம் வந்துவிட்டது. மிட்டாய்க் கடை முன்னால் நான்கு சொட்டு என்றால் ஜாங்கிரி பொட்டலம் கட்டி வாங்கியது. பெரிய வட்டம் என்றால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டது. ராத்திரிச் சாப்பாட்டின்போது போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்வேன். "இன்னிக்கி ஜாங்கிரி சூடா இருந்துச்சுங்களா?" அவர் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்.

இதற்கிடையே பாய் ஒரு யோசனையோடு வந்தார். என்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, மேலே முகப்பவுடர் தூவி ஓடவிட்டால், ஒழுகுகிற இடம் ஈரமாகக் காட்டிக்கொடுக்கும் என்றார். பவுடர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. டப்பா காலியானது. கல்யாணப் பெண் மாதிரி மணத்துக்கொண்டு என்ஜின் ஓடியது. ஐந்தே நிமிடத்தில் மூன்று இடத்தில் ஈரம் கிளம்பியது. மாற்றிய மூன்று கேஸ்கெட்டிலும்.

"நீங்க போல்ட்டு முறுக்குன லட்சணம்" என்றார் பாய்.

"நீங்க குடுத்த கேஸ்கெட்டு லட்சணம்" என்றார் இவர்.

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான் சமையலறைக்குப் போனேன். பருப்பு வெந்துகொண்டிருந்த குக்கரில் விசிலே வரவில்லை. மூடியைச் சுற்றி ரப்பர் வழியாகப் புஸ்ஸென்று ஆவி. இறக்கிப் பார்த்தால், நடுக்குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்தது. ஈர்க்குச்சியால் குத்தினேன், சரியாகிவிட்டது.

ஒரு கேஸ்கெட் ஒழுகினால் கேஸ்கெட் கெட்டது. மூன்றும் சேர்ந்து ஒழுகினால்? மறுநாள் இவர் வேலைக்கு நடந்து போன பிறகு, காருக்கு அடியில் பழைய சேலையை விரித்துப் படுத்தேன். என்ஜின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி, திறந்த வாயோடு நின்றது. குக்கரின் நடுக்குழாய் மாதிரி, உள்ளே சேரும் ஆவி வெளியே போவதற்கான குழாய்தான் அது. விரலை விட்டேன். கல் மாதிரி மண். ஷெட்டில் கிடந்த எட்டு மாதத்தில் குளவி அதற்குள் கூடு கட்டி வைத்திருந்தது.

ஈர்க்குச்சி எடுத்துவர எழுந்தேன். பாதி வழியில் நின்றேன். ஒழுகல் நின்றுவிட்டால் ஜாங்கிரி சேதி யார் சொல்வார்கள்? சேலையை மடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. கூச்சமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் ஒருநாள் இவர் பாய் கடைப் பக்கம் போகாமல் சுற்றி வருவதைக் கவனித்தேன். என்னவென்று கேட்டேன்.

"நான் எங்க போறேன்னு உனக்குச் சொல்றது அந்தாளுதான். அவரத் தவிர யாருக்கும் தெரியாது. பதினஞ்சு வருசப் பழக்கம், இப்படிப் பண்ணிட்டாரு."

இவரை இழுத்துக்கொண்டு நேரே பாய் கடைக்குப் போனேன். பாய் எங்களைப் பார்த்ததும் ஆணி நிறுப்பதில் மும்முரமானார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஜ்ஜிக் கடை வட்டம், மிட்டாய்க் கடை நான்கு சொட்டு, குக்கர், குளவிக் கூடு.

"கூடு இருக்குதுன்னு எத்தன நாளாத் தெரியும்?" என்றார் இவர்.

"ரெண்டு வாரமாங்க."

பாய்க்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "டீச்சரம்மா, நீங்க போலீசு வேலைக்குப் போயிருக்கோணும்" என்றார். இவர் சிரிக்கவில்லை. ஆனால் பாயையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் இருவருமாகக் காருக்கு அடியில் போய், அந்தக் கூட்டை உடைத்து எடுத்தார்கள். மறுநாள் தாம்பாளத்தில் இரண்டே சொட்டு. அந்த வயது வண்டிக்கு அது பரவாயில்லை.

மூன்று நாள் என்னோடு அளவாகத்தான் பேசினார். நான்காம் நாள் காலை காபி குடித்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கி வாழவந்திக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனனே, அதுவும் தெரியுமா?"

அவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போன அன்று காலையிலிருந்து நல்ல மழை. சாலையில் ஒரு பொட்டு எண்ணெய்கூட மிஞ்சியிருக்கவில்லை. எனக்கு ஒன்றுமே தெரியாது.

"தெரியுமுங்க" என்றேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "குப்பனூர்ல பாய்க்குச் சொந்தக்காரங்க கல்யாணம். பிரியாணி நொம்ப நல்லா இருந்துச்சு. கூப்பிட்டாங்க, எப்படி வேண்டாங்கறது?"

எத்தனை தட்டு என்று மட்டும் கேட்டேன். மூன்று விரலைக் காட்டினார்.