ஏழாம் எண் சொம்பு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆற்றைப் பற்றிப் பேசுவதில்லை. நான் சேருவதற்கு முன்பு என் நெறியாளர் ஆலைகள் நிறைந்த ஏலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரைப் புட்டி புட்டியாகப் பிடித்துவந்து சோதித்தவராம். ஏனோ அது பாதியில் நின்றுபோனது. கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு அவர் அடுக்களைக்கு வந்துசேர்ந்தார். புளிப்பான சாப்பாடு எந்தப் பாத்திரத்திலிருந்து என்ன உலோகத்தைக் கரைத்து எடுக்கிறது, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது புதிய ஆராய்ச்சி. அடுக்களையில் யார் வந்து தடுக்கப்போகிறார்கள்? பெண்கள்தானே இருக்கிறார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. மட்டாஞ்சேரியிலிருந்து படகில் எறணாகுளம், அங்கிருந்து பஸ், பல்கலைக்கழக வாசலில் இறங்கி ஒரு நடை. கார்ப்பரேஷனில் தெருத் தெருவாகத் தண்ணீர்க் குழாய் திறந்து மூடுகிறவருடைய இரண்டாவது மகள், கையில் டிபன் டப்பாவும் பழைய சொம்புகளுமாகப் போய்வந்துகொண்டிருந்தேன். படகில் ஒரு சேட்டன் தினமும் கேட்பார், "எந்தா மோளே, பாத்திரக் கச்சவடம் எப்படி?" சிரித்துவைப்பேன். வியாபாரம்தான், வேறென்ன.

எனக்குச் சுத்தமான வெள்ளீயத்தில் செய்த ரசச் சொம்பு ஒன்று வேண்டியிருந்தது. கடைச் சொம்புகளில் காரீயம் கலந்திருக்கிறது என்று சொல்வதற்கு, கலக்காத ஒன்றை அருகில் வைத்துக் காட்டவேண்டும். அப்படி ஒன்று எனக்குத் தெரிந்து அக்கா வீட்டில் இருந்தது. அவள் கல்யாணத்துக்கு அப்பா சீராக வைத்தது. மற்ற சீர் எல்லாம் சுமார்தான். ஆனால் அந்தச் சொம்பைக் கடைக்காரரோடு மூன்று நாள் பேசி, சத்தியம் வாங்கிக்கொண்டு வாங்கினார்.

தோப்பும்படியில் அக்காவின் புகுந்த வீடு. முன்னால் லேத்துப் பட்டறை, பின்னால் குடித்தனம். அவளும் எங்களைப்போலத் தமிழ் பேசுகிற வீட்டுக்குத்தான் போனாள். அதனால் குறை சொல்லும்போது ஒரு சொல்கூட விளங்காமல் போகாது. அப்போது அவளுக்கு நாலு மாதம். அவள் மாமியாரான அத்தை கோவிலுக்குப் போன நேரம் பார்த்துச் சொம்பைக் கவிழ்த்து, அடி விளிம்பில் சின்ன அரத்தை வைத்துச் சுரண்டினேன்.

"எடீ, மெல்ல. என் மாமியார் பாத்தா அந்த அரத்த வாங்கி என்னை அராவுவா."

"உன்கிட்ட அராவ என்ன இருக்கு? எலும்புதானே."

"பின்னே? எலும்பும் அந்தச் சொம்பும்தான் நம்ம வீட்டுலருந்து வந்தது."

இருவரும் சிரித்தோம். துகள்களைக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன்.

நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளீயம் வெள்ளைப் பொடியாக அடியில் தங்கிவிடும். காரீயம் இருந்தால் அது கரைந்து, வடிகட்டியின் வழியே தண்ணீரைப் போலத் தெளிவாக இறங்கும். அந்தத் தெளிவில் அயோடைடு கரைசலை நாலு சொட்டு விடவேண்டும்; காரீயம் இருந்தால் மஞ்சளாகும். விட்டேன். மஞ்சள். கண்ணைக் கூசுகிற மஞ்சள். குழாயைச் சூடாக்கினால் அது மறையும்; ஆறவிட்டால் தங்கத் துகள்களாக மினுங்கிக்கொண்டு இறங்கும். கல்லூரியில் இதைப் பார்க்க முண்டியடித்திருக்கிறோம். அன்றைக்கு நான் தனியாக நின்று பார்த்தேன். என் அப்பா போட்ட சீர் கண்ணாடிக் குழாய்க்குள் பொன்னாக உதிர்ந்துகொண்டிருந்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் பொன்.

எடைபோட்டுப் பார்த்ததில், அதுவரை வந்த சொம்புகளிலேயே காரீயம் அதிகமாக இருந்தது அதில்தான். நெறியாளர் மேசையைத் தட்டினார். "கொள்ளாமல்லோ, பிரமாதம்! இதுபோல ஒண்ணுக்குத்தான் காத்திருந்தேன்." யார் வீடு என்று அவர் கேட்கவில்லை. நோட்டில் ஏழு என்று எழுதினார்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவே இல்லை.

"வாயத் தொறக்காதே. கலப்படச் சொம்பு குடுத்தான்னு அந்த வீட்டுல ஒரு வார்த்த விழுந்தா, உங்கப்பா அந்த வாசல மிதிக்க மாட்டார். உன் அக்கா அங்க வாழ முடியாது."

"அம்மா, வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. மூளையத்தான் மொதல்ல பிடிக்கும்."

"நான் ரெண்டு பெத்தேன். எந்தச் சொம்புல எது இருந்துதுன்னு எனக்கு யார் வந்து சொன்னா?"

ஞாயிற்றுக்கிழமை தோப்பும்படிக்குப் போனேன். அத்தையே பரிமாறினாள். "ரசம் ஊத்திக்கோ குட்டி. உங்கப்பன் குடுத்ததுல உருப்படி இது ஒண்ணுதான். இதுல வச்சா வாசமே தனி." வாசம் தனிதான். குடித்தேன். பிறகு துணி துவைக்கிற கல்லருகே அக்காவை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெடுநேரம் ஒரு சேலையையே கசக்கினாள்.

"காலையில எது தின்னாலும் வாந்தி. அந்த ரசம் ஒண்ணுதான் இறங்குது. சரி, இத்தன நாளா குடிச்சது உடம்ப விட்டுப் போயிருமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

"நல்ல படிப்பு," என்றாள்.

ஈயச் சொம்போடு பழகியவர்களுக்குத் தெரியும். உள்ளே ரசம் இருக்கிறவரை அடுப்பு அதை ஒன்றும் செய்யாது. காலியாக வைத்தால் மறுகணம் உருகி ஓடிவிடும். கவனம் பிசகிய மருமகள் இல்லாத வீடு உண்டா? என் அக்கா கவனமாகவே செய்தாள். அடுத்த புதன்கிழமை காலியான சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கொடியில் துணி காயப்போடப் போனாள். அப்பாவின் பெயர் கெடவில்லை. கெட்டது அவள் பெயர்.

அத்தை நடந்தே மட்டாஞ்சேரிக்கு வந்தாள். சாயா வேண்டாம் என்றாள். "பெத்தவன் குடுத்தத மகளே அடுப்புக்குக் குடுத்துட்டா. ஏழாம் மாசம் வளகாப்பு வச்சிருக்கு. அதுக்குள்ள அதேபோல ஒண்ணு வேணும், கேட்டீங்களா?"

அப்பா அன்று சாயங்காலமே போய், அதே கடையில், அதேபோல ஒன்றை வாங்கிவந்தார். செய்தித்தாளைப் பிரித்து மேசைமேல் வைத்து, விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னோம்? நான் மறுநாள் அதையும் சுரண்டினேன். மறுபடியும் மஞ்சள். அன்று இரவே அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், உருக்கியதையும் சேர்த்து.

அவர் கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பிவந்து, "எழுத்துல கொண்டுவரச் சொல்றான்," என்றார். "யூனிவர்சிட்டி பேப்பர்ல, சீல் வச்சு. கொண்டுவந்தா காலுல விழுறானாம். உன் சாரைக் கேளு."

கேட்டேன். என் நெறியாளர் கெட்டவர் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "நம்ம வேலை ஆராய்ச்சி, சர்ட்டிபிகேட் குடுக்கிறதல்ல. ஒரு கடைக்காரன் கேஸ் போட்டா துறைக்கே பிரச்சினை. பேப்பர் அச்சாகட்டும், பிறகு எல்லாருக்கும் தெரியுமே." அந்தப் பேப்பர் எந்த மொழியில், எந்த ஊரில் அச்சாகும் என்று நான் கேட்கவில்லை. சரி சார் என்றேன். இன்றுவரை எனக்குள் நான் மன்னிக்காத சொல் அந்தச் சரி.

வேறு கடையில் வாங்கலாமே என்று அம்மா கேட்டாள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடைச் சொம்பு? எல்லாம் என் நோட்டில்தான் இருந்தன. ஒன்றாவது சுத்தமாக இருந்திருந்தால் அக்காவின் சொம்பை நான் தேடிப்போயிருக்க மாட்டேன்.

வளைகாப்பன்று அப்பா அதைத் தாம்பாளத்தில் வைத்து, மேலே பூச்சுற்றி, சம்பந்தி கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. அன்று எதுவும் சாப்பிடாமல் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அது அவருக்கு விடுமுறை நாள்.

"இதையும் உருக்கிடு," என்றேன் அக்காவின் காதில்.

கையெல்லாம் வளையலோடு அவள் திரும்பினாள். "ரெண்டாவது தரம் உருக்கினா கவனம் இல்லாதவன்னு சொல்ல மாட்டாங்கடீ. கிறுக்குன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நீ சோறு போடுவியா?"

பிரசவத்துக்கு அத்தை அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவள் தினமும் அந்தச் சொம்பில் ரசம் வைத்தாள், எல்லோருக்கும் ஊற்றினாள். தனக்கு நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிக் கடைசி இரண்டு மாதமும் வெறும் மோரில் சோறு தின்றாள். அந்த வாசனை எழும்போது பின்கட்டுக்குப் போய் நின்றுகொள்வாளாம். இதை வெகுகாலம் கழித்துச் சொன்னாள்.

கட்டுரை வெளிநாட்டு இதழொன்றில் வந்தது. ஏழாம் எண் அட்டவணையின் உச்சியில் நின்றது. என் பெயர் இரண்டாவதாக இருந்தது. அதைக் கொண்டு எனக்குப் பட்டம் வந்தது, பிறகு வேலையும். எண்பதுகளில் எவர்சில்வர் மோகம் வந்தபோது அத்தை அந்தச் சொம்பைத் தானே தூக்கிப்போட்டாள். ரசம் எவர்சில்வரில் கொதிக்கத் தொடங்கியது. யாரும் என் கட்டுரையைப் படித்து மாறவில்லை.

பையன் பிறந்தான், வளர்ந்தான். நல்ல பையன். எழுத்துக்கூட்டிப் படிக்க மற்றவர்களைவிட நாளாயிற்று. கணக்கு வரவில்லை. வகுப்பில் அவனைப்போல இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள், அவர்கள் வீட்டிலெல்லாம் என்ன சொம்பு என்று யாருக்குத் தெரியும்? ஒரு குழந்தையை வைத்து எதையும் நிறுவ முடியாது. இதை மாணவர்களுக்கு நானே பாடம் நடத்துகிறேன்.

அவன் ஐந்தாம் வகுப்பில் தவறிய வருடம் அக்கா என் ஆய்வுக்கூடத்துக்கே வந்தாள். உலோகத்தை அளக்கிற புதிய கருவியைச் சுற்றி நடந்து பார்த்தாள்.

"ரத்தத்துல இருக்கிறத இது சொல்லுமா?"

"இப்ப இருக்கிறதச் சொல்லும். அன்னிக்கு என்ன இருந்துதுன்னு சொல்லாது."

"அப்ப இது எதுக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "வேண்டாம். நீ ஏதாவது சொல்லுவே, அதை வச்சு ராத்திரியெல்லாம் நான் யோசிச்சிட்டுக் கெடப்பேன். இந்த ஒரு தரம் ஒண்ணும் சொல்லாதே." வெளியே பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்த பையனை எழுப்பி, சட்டைக் காலரைச் சரிசெய்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூட்டிக்கொண்டு போனாள்.