மயக்க மருந்துக்காரியின் சம்பளம்

மயக்க மருந்து நர்ஸ் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ, அவ்வளவுக்கு நோயாளி நம்மை மறந்துபோவார். யாங்கோனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷமாக நான் இப்படித்தான் மறக்கப்பட்டு வருகிறேன். உழைப்பு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு என்று புழுங்குகிறவர்களே, வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

பானைக்குப் பரீட்சை இல்லை

என் மாமியாருக்குத் தின்கன்ஜூனில் மொஹிங்கா கடை. அரிசி சேமியாவில் மீன்குழம்பை ஊற்றித் தருவார், வெயில் ஏறுவதற்குள் பானை காலி. என் சம்பளமோ வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும். எண்ணெய் விலை ஏறினால் அதுவும் இழுபறிதான். "ஆஸ்பத்திரிக்கு முழுக்குப் போட்டுட்டுக் கடைக்கு வா, தீபாவளிக்குள்ள முடிவு சொல்லு" என்று அத்தை கெடு வைத்துவிட்டார். என் கணவர் அம்மாவுக்கும் தலையாட்டுவார், எனக்கும் தலையாட்டுவார். எனக்கோ ஆஸ்பத்திரி வேலையை விட மனசே இல்லை.

அத்தை விடாமல் துருவியதால், ஒருநாள் சம்பளத்தைச் சொல்லித் தொலைத்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா அத்தனை பரீட்சை எழுதுனே? குழம்புப் பானைக்குப் பரீட்சையே கிடையாது, தாயி!"

காதர் பாயின் பட்டினி

தன்லியினிலிருந்து குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர் காதர் பாய், பஸ் டிரைவர். "ராத்திரியிலேருந்து பல்லுல பச்சைத் தண்ணி படலைம்மா" என்றார் பெருமையாக. வாயைத் திறக்கச் சொன்னேன். அடப்பாவி மனுஷா! கன்னத்தில் ஒரு முழு வெற்றிலைச் சுருள், பாக்கு சுண்ணாம்பு சகிதம். மயக்கத்தில் அது மூச்சுக்குழலுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். பாய் மட்டும் அசரவே இல்லை.

"சாப்பிடக் கூடாதுன்னுதானேம்மா சொன்னீங்க? வெத்தலையை யாரு சாப்பிடுவா, மென்னு துப்பத்தானே செய்வாங்க!"

திரைக்கு இந்தப் பக்கம்

சிசேரியனில் மட்டும் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போக வைப்போம், தாய் விழித்திருப்பாள். ஷ்வேப்யிதாவில் தையல் ஃபாக்டரி வேலை பார்க்கும் மா சான் பயத்தில் வெடவெடத்தாள். நெஞ்சுக்கு நேரே திரை, அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் நான். குழந்தை அழும்வரை அவள் தலைமாட்டிலேயே பேசிக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போகிற அன்று குழந்தையோடு என்னைத் தேடி வந்தாள். நர்ஸை இங்கே மரியாதையாக 'ஸயாமா' என்பார்கள். பர்மிய மொழியில் அவள் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

"அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னே தெரியாது, ஸயாமா. உங்க கண்ணைப் பார்த்துக்கிட்டே பெத்துட்டேன்."

அத்தை படுத்தார்

தீபாவளி நெருங்கும்போது அத்தைக்குப் பித்தப்பைக் கல். மருமகள் பக்கத்தில் இருந்தால்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள் வருவேன் என்று ஒரே பிடிவாதம். பயம் தெளிய முதலில் ஓர் ஊசி போட்டோம். அந்த ஊசி நாக்கை அவிழ்த்துவிடும். "மொஹிங்கா ஊத்த ஆயிரம் பேரு கிடைப்பாங்க, என் மூச்சைப் பாத்துக்க இவதான்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். முகமூடிக்குள் அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. விழித்ததும், "என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா அத்தே?" என்று ஆசையாகக் கேட்டேன். "நான் எங்கடி பேசுனேன்?" என்றார். அந்த ஊசி ஞாபகத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா என்ன! இனி கடைதான் கதி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வீடு திரும்பிய வாரம், கடையில் புதிதாக ஒரு பெண் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்டேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலைக்கு ஆள் போட்டுட்டேன். குழம்பு ஊத்த ஆயிரம் பேரு கிடைப்பாங்க. நீ உன் ஆஸ்பத்திரியிலேயே கிட. ஆனா சம்பளத்தைக் கூட்டிக் கேளுடி, வெட்கப்படாதே. மீன் விலை ஏறுனா நான் யாரைக் கேட்டா குழம்பு விலையை ஏத்துறேன்?"

சம்பளம் இன்னும் ஏறியபாடில்லை, ஆனாலும் மாமியாரை மயக்கிப் படுக்கவைத்து அவர் வாயாலேயே நல்ல பேர் வாங்கிய மருமகள் இந்த யாங்கோனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.