கருகிய பேர்ப் புத்தகம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பசறை டவுனில் இரும்புச் சாமான் கடை போட்டேன், லொறி வாங்கி ஓட்டினேன், பதுளையில் மாடி வீடு கட்டினேன், பிள்ளைகளை வாத்தியார் வேலைக்கு அனுப்பினேன். ஒருத்தனும் கைகொடுக்கவில்லை. அந்த வீட்டின் கண்ணாடி அலமாரியில் கோப்பை, கேடயம் எதுவும் கிடையாது. ஓரம் கருகிய ஒரு பேர்ப் புத்தகம்தான் இருக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயா விடியற்காலைப் பெரட்டில் ஆள் பேர் கூப்பிட்ட புத்தகம். வேலையை விட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகும்போது என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அரசியல் விமர்சகராம். எங்கள் தோட்டத்தைக் கலவரக்காரர்கள் எரித்த கதையைச் சொல்கிறார்: நள்ளிரவாம், தூங்கிக்கொண்டிருந்த நாற்பது பேர் லயத்து வீடுகளோடு எரிந்தார்களாம். எரித்தவன்மேல் உள்ள அருவருப்பு பழையது, இவர்மேல் வந்தது புதிது. நம்பர் தேடிக் கூப்பிட்டேன்.

"தம்பி, அது பட்டப்பகல். கொழுந்து நிறுக்கிற நேரம். செத்தது ரெண்டு பேரு."

"ரெண்டுன்னா யாருங்கய்யா பார்ப்பாங்க? எண்ணிக்கையா முக்கியம், வலிதானே?"

"வலி ஒனக்கா எனக்காடா?" என்று வைத்துவிட்டேன்.

அன்று தோட்டத்து ஆபீஸ் பற்றி எரிந்தபோது எல்லாரும் மேல்மலைக் காட்டுக்கு ஓடினார்கள். நான் ஜன்னலை உடைத்து உள்ளே இறங்கி, இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக ஓடினேன். இதில் பேர் இல்லையென்றால் ஆளே இல்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். விடிந்ததும் காட்டுக்குள்ளேயே ஐயா பெரட்டு எடுத்தார். என் சின்ன மாமன் பேர் வந்தது.

"வந்துக்கிட்டே இருக்காருங்க" என்றாள் அத்தை. மாமன் தினமும் பிந்துவார், தினமும் அவள் சொல்கிற பதில் அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஐயாவும் பழக்கத்தில் பென்சிலால் குறி போட்டுவிட்டார்.

நான்தான் சொன்னேன். "போடாதீங்கய்யா. மாமன் ஆபீஸ் வாசல்ல கெடக்காரு. தாண்டித்தான் வந்தேன்."

அத்தை என்னையே பார்த்தாள். ஐயா கட்டைவிரலால் குறியைத் தேய்த்தார். "வந்தவனை வந்தவன் எண்டு போடுவன். வராதவனை எப்பிடிப் போடுறது?" என்று யாழ்ப்பாணத்துப் பேச்சில் முணுமுணுத்தார். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் பேருக்கு யாரும் வாய் திறக்கவில்லை. மற்ற எல்லாரும் குரல் கொடுத்தார்கள்.

அந்தப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஒன்றில் தேய்த்த கறை. நாற்பது என்று சொன்னால் அந்த இரண்டும் கூட்டத்தில் காணாமல் போகும். நாளைக்கு எவனாவது நாற்பது பொய் என்று காட்டினால் இரண்டும் பொய்யாகிவிடும்.

அந்த விமர்சகர் பதுளைக்கு வரட்டும், அலமாரியைத் திறந்து காட்டுகிறேன். பட்டப்பகல் என்று திருத்தட்டும். இரண்டு பேர் என்று திருத்தி, பேர்களைப் படிக்கட்டும். புத்தகத்தை நெருப்பிலிருந்து எடுத்தவன் நான் என்பதையும் சொல்ல வேண்டும். மாமனைத் தாண்டித்தான் எடுத்து வந்தேன் என்பதையும் சேர்த்துத்தான்.